மாரத்தானில் மாற்றுத்திறனாளிகள் ஓட அமைப்பாளர்கள் என்ன ஏற்பாடு செய்ய வேண்டும்?

கேள்வி இதுதான். ஒரு மாவட்டத் தலைநகரில் உள்ள ஓட்டக் குழு வரும் ஜனவரியில் 5, 10, 21 கிலோமீட்டர் ஓட்டம் நடத்துகிறது. பார்வையற்றோர் எட்டுப் பேர், சக்கர நாற்காலியில் மூவர், செயற்கைக் கால் பொருத்திய இருவர், காது கேளாத மாணவர்கள் சிலர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். "இவர்களுக்குத் தனியாக ஒரு கிலோமீட்டர் ஓட்டம் வைத்துவிடலாமா? இல்லை, வேறு என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். (நம் ஊரில் 5 கிலோமீட்டருக்கும் மாரத்தான் என்றுதான் பெயர். 42.195 கிலோமீட்டர்தான் மாரத்தான் என்று சண்டை போடுகிறவன் நான் இல்லை.)

தனியாக வைப்பதானால் அது கூடுதலாக இருக்கட்டும், மற்ற ஓட்டங்களுக்குப் பதிலாக வேண்டாம். மும்பை மாரத்தானில் மாற்றுத்திறனாளிகளுக்கென்று ஒரு சிறு தூரப் பிரிவு இருக்கிறது. உற்சாகத்துக்குக் குறைவில்லை. முதல்முறை இப்படி ஒரு கூட்டத்துக்குள் வருகிறவருக்கு அது நல்ல வாசல். ஆனால் ஆறு மாதம் பயிற்சி எடுத்து 21 கிலோமீட்டர் ஓட வந்தவரிடம், "சார், உங்களுக்கு அங்கே தனியா ஒரு ஓட்டம் இருக்கு, டி-ஷர்ட்டும் தருவோம்" என்று சொன்னால், பந்திக்கு வந்தவரைத் திண்ணையில் உட்கார வைத்து இலை போட்ட மாதிரிதான்.

பழைய கதை ஒன்று. 1975இல் பாப் ஹால் என்பவர், போலியோவால் நடக்க முடியாதவர், பாஸ்டன் மாரத்தானில் சக்கர நாற்காலியில் கலந்துகொள்ளக் கேட்டார். மூன்று மணி நேரத்துக்குள் முடித்தால் மற்றவர்களுக்குத் தருகிற அதே சான்றிதழைத் தருகிறேன் என்றார் போட்டி இயக்குநர் வில் குளோனி. ஹால் 2 மணி 58 நிமிடத்தில் முடித்தார். மாரத்தான்களில் சக்கர நாற்காலிப் பிரிவு வேர்விட்டது அங்கேதான். அவர் கேட்டது அதே சாலை, அதே கடிகாரம், அதே சான்றிதழ், அவ்வளவுதான். நம் நாட்டிலும் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 30ஆம் பிரிவில், விளையாட்டில் பங்கேற்பதை அவர்களுடைய உரிமையாகவே பேசுகிறது. அதனால் இதை உதவி, சேவை என்ற கணக்கில் எழுதாதீர்கள். ஆம்புலன்ஸ், தண்ணீர், டைமிங் சிப் எல்லாம் எந்தக் கணக்கில் வருகின்றனவோ அதே கணக்கில் எழுதுங்கள்.

ஒன்பது வருடமாகப் பார்வையற்ற ஓட்டக்காரர்களுக்கு வழிகாட்டியாக ஓடுகிறேன். அதில் கற்றுக்கொண்டதை ஒரே வரியில் சொல்ல வேண்டுமென்றால்: சிக்கல் ஓட்டப் பாதையில் குறைவு, ஓட்டப் பாதைக்கு வந்து சேர்வதில்தான் அதிகம். 21 கிலோமீட்டர் ஓட அவர்களுக்குத் தெரியும். பதிவுப் படிவம், பிப் (நெஞ்சில் குத்திக்கொள்ளும் எண் அட்டை) வாங்குகிற இடம், விடிகாலை நாலு மணி இருட்டில் பேரிகேட், டாய்லெட், இவற்றைத் தாண்டி ஸ்டார்ட் லைனுக்கு வருவதற்குள் பாதிப் பேர் களைத்துப்போகிறார்கள்.

படிவத்திலிருந்து ஆரம்பிக்கலாம். "மாற்றுத்திறனாளியா? ஆம்/இல்லை" என்ற கேள்வியால் உங்களுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. "ஆம்" என்று வந்தால் என்ன செய்வீர்கள்? "உங்களுக்கு என்ன ஏற்பாடு தேவை?" என்று கேளுங்கள். வழிகாட்டி வேண்டுமா, சொந்தமாக அழைத்து வருகிறீர்களா, எந்த வகை நாற்காலி, எந்த வண்டியில் வருவீர்கள், சைகை மொழி தெரிந்தவர் வேண்டுமா. பார்வையற்றவர்கள் போனில் டாக்பேக், கம்ப்யூட்டரில் என்விடிஏ போன்ற திரைவாசிப்பான் வைத்துத்தான் படிவம் நிரப்புவார்கள். வளைந்து நெளிந்த எழுத்தைப் படித்துத் தட்டச் சொல்லும் கேப்சா இருந்தால் ஆட்டம் அங்கேயே முடிந்தது. பாதை வரைபடத்தைப் படமாக மட்டும் போட்டாலும் அதே கதிதான். "கலெக்டர் அலுவலகத்திலிருந்து நேராக 800 மீட்டர், ரவுண்டானாவில் இடது, அடுத்து ரயில்வே மேம்பாலம், ஏற்றம்" என்று எழுத்திலும் கொடுங்கள். மேம்பாலம் எங்கே, வேகத்தடை எத்தனை என்று தெரிந்தால் கண் தெரிந்தவர்களும் சந்தோஷப்படுவார்கள். அடையாளத்துக்கு மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு தரும் யுடிஐடி அட்டை போதும். அதற்கு மேல் டாக்டர் சான்று கேட்டு அலைய விடாதீர்கள். பிப்பை நேரில் வந்து வாங்கியே ஆக வேண்டும் என்ற விதியையும் இவர்களுக்குத் தளர்த்துங்கள். வழிகாட்டிக்குக் கட்டணம் வேண்டாம். "வழிகாட்டி" என்று அச்சடித்த பிப் மட்டும் கண்டிப்பாகக் கொடுங்கள். இல்லையென்றால் ஏதோ ஒரு திருப்பத்தில் ஒரு வாலண்டியர் "பிப் இல்லாம ஓடக் கூடாது" என்று அவரை இழுத்து நிறுத்துவார், இருவரும் பிடித்து ஓடும் கயிற்றின் மறுமுனையில் இருக்கும் பார்வையற்றவரும் சேர்ந்து நிற்பார். எனக்கு நடந்திருக்கிறது.

அப்புறம் வண்டி. சக்கர நாற்காலிக்காரர் மகன் ஓட்டும் காரில் வருவார் என்று நினைத்துப் பார்க்கிங் போடுகிறோம். நம் ஊரில் பலர் அரசு கொடுத்த இணைப்புச் சக்கர ஸ்கூட்டரில், தனியாக வருவார்கள். ஸ்கூட்டரிலிருந்து இறங்கினால் நாற்காலி வேண்டும். நாற்காலி ஸ்கூட்டரில் வராது. ஆகவே அந்த வண்டிகளை ஸ்டார்ட் லைனிலிருந்து நூறு மீட்டருக்குள் நிறுத்த இடம், முந்தைய நாளே நாற்காலியை வாங்கிப் பூட்டி வைக்க ஓர் அறை, பேரிகேட்டைத் தாண்ட போலீஸாரிடம் சொல்லிவைத்த பாஸ், இந்த மூன்றும் தேவை. பாஸ் அச்சடித்தால் மட்டும் போதாது, அந்த முனையில் நிற்கப்போகிற காவலருக்கு அது தெரிந்திருக்க வேண்டும். முந்தைய நாள் மாலை ஒரு போன் போடுங்கள்.

டாய்லெட்டைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள், அதனால் நான் கொஞ்சம் அதிகமாகவே பேசுகிறேன். வாடகைக்கு வருகிற பிளாஸ்டிக் டாய்லெட் பெட்டிக்கு வாசலில் ஓர் உயரமான படி இருக்கும், உள்ளே திரும்ப இடம் இருக்காது. சக்கர நாற்காலியில் வருகிறவர் இதைத் தெரிந்துகொண்டு முந்தைய இரவிலிருந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிடுவார். பிறகு ஏழரை மணி வெயிலில் மயங்கி விழுந்தால் "உடம்பு தாங்கவில்லை" என்று நாம் எழுதுவோம். உடம்புக்கு ஒன்றுமில்லை, படிதான் காரணம். ஸ்டார்ட் லைனுக்குப் பக்கத்தில் பள்ளிக்கூடம், கல்யாண மண்டபம், ஓட்டல் எதிலாவது தரைத்தளத்தில் வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கிறதா பாருங்கள். கதவு திறந்தபின் 90 சென்டிமீட்டர் அகலம் வேண்டும். ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு நேரில் போய் அளக்கவும். வாசலில் படி இருந்தால் சாய்தளம் போடுங்கள். கணக்கு எளிது: ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளம். ஒன்பது அங்குலப் படிக்கு ஒன்பது அடி பலகை. தச்சர் மூன்றடிப் பலகையைச் சாய்த்து வைத்துவிட்டு "ராம்ப் போட்டாச்சு சார்" என்பார். அதில் ஏறினால் நாற்காலி பின்பக்கம் கவிழும்.

ஸ்டார்ட் லைனில் எல்லாச் சக்கர நாற்காலிகளையும் ஒன்றாகக் கட்டி நிறுத்துவது அடுத்த தவறு. ரேசிங் நாற்காலி என்பது மூன்று சக்கரம், நீண்ட மூக்கு, தாழ்ந்த இருக்கை உள்ள வேறு ஜாதி வண்டி. சுவிட்சர்லாந்தின் மார்செல் ஹூக் 2021இல் ஜப்பானின் ஓய்டாவில் முழு மாரத்தானை 1 மணி 17 நிமிடம் 47 விநாடியில் முடித்தார். சராசரி வேகம் மணிக்கு 32 கிலோமீட்டருக்கு மேல். 1981இல் தொடங்கிய அந்த ஓய்டா போட்டி முழுக்க முழுக்கச் சக்கர நாற்காலிக்காரர்களுக்கானது. பாஸ்டன் போன்ற இடங்களில் சக்கர நாற்காலிப் பிரிவை ஓட்டக்காரர்களுக்கு முன்னால் அனுப்புவது மரியாதைக்காக மட்டும் இல்லை. இறக்கத்தில் அந்த வண்டி பின்னாலிருந்து வந்தால் ஓடுகிறவரின் கால் போய்விடும். உங்களிடம் வரும் மூவரில் யாருக்காவது ரேசிங் நாற்காலி இருந்தால் அவரை முதலில், பத்துப் பதினைந்து நிமிடம் முன்னால் அனுப்புங்கள், முன்னால் ஒரு பைலட் பைக்கோடு.

மற்றவர்கள் அன்றாடம் வீட்டில் பயன்படுத்துகிற நாற்காலியில் வருவார்கள். அவர்கள் மெதுவாகத்தான் போவார்கள். அவர்களையும் முன்னால் அனுப்பலாம், ஆனால் அரை மணி நேரமாவது இடைவெளி விட்டு, 5 கிலோமீட்டர் கூட்டம் அவர்களை எந்த இடத்தில் எட்டிப் பிடிக்கும் என்று கணக்குப் போட்டு. அந்த இடம் குறுகலான பாலமாக இருக்கக் கூடாது. இந்த வகை நாற்காலியின் முன்சக்கரம் சின்னது. நேரத்தைப் பதியச் சாலையில் விரிக்கும் டைமிங் பாயின் ஓரம், சாலையைக் கடக்கும் ஜெனரேட்டர் கேபிள், வேகத்தடை, எதில் தட்டினாலும் உட்கார்ந்திருப்பவர் முன்பக்கம் விழுவார். பாயின் ஓரங்களை டேப் போட்டு ஒட்டுங்கள், கேபிளை மேலே தூக்கிக் கட்டுங்கள். தண்ணீர் பந்தலில் கீழே கொட்டுகிற தண்ணீர் சக்கரத்தில் ஏறி, கை பிடிக்கும் வளையத்தில் வழுக்கும். அவர்களுக்கான மேசையைப் பந்தலின் கடைசியில், சாலையின் மறு ஓரத்தில் போட்டால் போதும். காற்றடிக்கும் பம்பும் பஞ்சர் சாமானும் பைக்கில் ஒருவரிடம் இருக்கட்டும். கையால் சுற்றி ஓட்டும் சைக்கிளில் யாராவது வந்தால் தாராளமாக வரட்டும், ஆனால் பரிசுப் போட்டியில் நாற்காலியோடு சேர்க்காதீர்கள். சங்கிலி, கியர் உள்ள வண்டிக்கு எதிராகக் கையால் சக்கரம் தள்ளுகிறவர் நியாயமாகப் போட்டி போட முடியாது.

இனி எனக்குப் பிடித்த விஷயம், வழிகாட்டி ஓட்டம். எட்டுப் பேருக்கு எட்டு வழிகாட்டி என்று எண்ணாதீர்கள். 21 கிலோமீட்டர் ஓடுகிற ஒவ்வொருவருக்கும் இரண்டு பேர் தயாராக இருக்க வேண்டும். பாராலிம்பிக் மாரத்தானில்கூட 10, 20, 30ஆவது கிலோமீட்டரில் வழிகாட்டியை மாற்றிக்கொள்ள அனுமதி உண்டு. வழிகாட்டியின் வேகம் ஓட்டக்காரரின் வேகத்தைவிடக் கிலோமீட்டருக்கு ஒரு நிமிடமாவது கூடுதலாக இருக்க வேண்டும், ஏனென்றால் அவர் ஓடிக்கொண்டே பேச வேண்டும். மூச்சு வாங்குகிற வழிகாட்டி ஊமையாகிவிடுவார். ஊமையான வழிகாட்டி வெறும் கயிறுதான்.

கயிறு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு பருத்திக் கயிறு, இரண்டு முனையிலும் விரல் நுழையும் கண்ணி. சர்வதேசப் போட்டியில் 30 சென்டிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது, இழுபடும் ரகமாகவும் இருக்கக் கூடாது. நான் முதலில் கற்றுக்கொண்டது ஒரு பழைய ஷூ லேஸில், பெசன்ட் நகர் கடற்கரைச் சாலையில், விடிகாலை ஐந்து மணிக்கு. என்னோடு ஓடிய அண்ணன் வங்கி ஊழியர், பிறவியிலேயே பார்வை இல்லாதவர். முதல் நாள் நான் "பாத்து, பாத்து!" என்று கத்தினேன். அவர் நின்றுவிட்டார். "தம்பி, என்னத்தைப் பாக்கச் சொல்ற? மேடா, பள்ளமா, நாயா? அதைச் சொல்லு" என்றார். அன்றிலிருந்து என் மொழி மாறியது. "வேகத்தடை, மூணு, ரெண்டு, ஒண்ணு, ஏறு." "இடது பக்கம் சரிவு, இருபது மீட்டர்." "முன்னாடி ரெண்டு பேர் நடக்கறாங்க, வலது ஓரமா தாண்டறோம்." வேறு ஒன்றும் இல்லாதபோது எதையாவது வர்ணிப்பேன், இல்லையென்றால் இருவரும் சும்மா ஓடுவோம். கையை ஆட்டும் தாளம் ஒன்றாகிவிட்டால் கயிறு இருப்பதே மறந்துபோகும். அந்த நிலைக்கு வர எங்களுக்கு ஆறு வாரம் பிடித்தது. ஓட்டத்தன்று காலையில் ஒரு கல்லூரி மாணவரைப் பிடித்து "இவரைக் கூட்டிட்டுப் போப்பா" என்று கயிற்றைக் கையில் கொடுப்பதை எத்தனையோ ஊரில் பார்த்துவிட்டேன். அந்தப் பையன் நல்லவன்தான். ஆனால் அவன் தோளைப் பிடித்துத் தள்ளுவான், பார்வையற்றவர் பயந்து நடப்பார், இருவரும் அத்தோடு ஓட்டத்தையே விட்டுவிடுவார்கள்.

கயிற்றைப் பற்றிய விதி எவ்வளவு கறாரானது என்பதற்கு 2024 பாரிஸ் பாராலிம்பிக் சாட்சி. மாரத்தானில் ஸ்பெயினின் பார்வைக் குறைபாடுள்ள எலெனா கோங்கோஸ்ட் மூன்றாவதாக, பின்னால் வந்தவரைவிட மூன்று நிமிடத்துக்கும் மேல் முன்னணியில், ஓடி வருகிறார். எல்லைக்கோட்டுக்குச் சில அடி இருக்கும்போது வழிகாட்டிக்குத் தசைப்பிடிப்பு, விழப் போகிறார். கோங்கோஸ்ட் கயிற்றை ஒரு நொடி விட்டுவிட்டு அவரைத் தாங்கிப் பிடித்தார். தகுதி நீக்கம். விதிப்படி சரியாக இருக்கலாம், எனக்கு இன்றைக்கும் மனசு ஆறவில்லை. உங்கள் ஓட்டத்தில் இந்தக் கறார் வேண்டாம். ஒரே ஒரு விதி போதும்: வழிகாட்டி முன்னால் இழுக்கக் கூடாது, எல்லைக்கோட்டை ஓட்டக்காரருக்கு முன்னால் தாண்டக் கூடாது.

இன்னொன்று, இதை நிறைய பேர் யோசிப்பதில்லை. உற்சாகமூட்ட வழியில் பறை, செண்டை, டிஜே என்று வைக்கிறோம். ஸ்பீக்கரைத் தாண்டுகிற அந்த ஐம்பது மீட்டரில் வழிகாட்டியின் குரல் கேட்காது. பார்வையற்ற ஓட்டக்காரருக்கு அது திடீரென்று விளக்கை அணைத்த மாதிரி. மேளத்தை நிறுத்தச் சொல்லவில்லை. திருப்பத்திலும் வேகத்தடைக்குப் பக்கத்திலும் வைக்காதீர்கள், நேர்ச்சாலையில் வையுங்கள். கூட்ட இரைச்சல் ஒத்துக்கொள்ளாத ஆட்டிசம் உள்ளவர்கள் வந்தாலும் இது உதவும். அவர்களுக்கு ஸ்டார்ட் லைனிலிருந்து தள்ளி ஓர் அமைதியான மூலையும், கூடவே ஓட வீட்டாருக்கு அனுமதியும் கொடுங்கள்.

காது கேளாதவர்களுக்கு ஏற்பாடு ரொம்பச் சுலபம், ஆனால் அதையே மறந்துவிடுவோம். ஹாரன் அடித்துத் தொடங்கும்போது கூடவே ஒரு கொடியை இறக்குங்கள். மைக்கில் சொல்கிற எல்லா அறிவிப்பும் ஒரு பலகையிலும் இருக்கட்டும். பிப்பில் எல்லோருக்கும் தெரிகிற நிறத்தில் ஒரு வட்டம் போட்டு, ஆம்புலன்ஸ் டிரைவர், பைக் பைலட் எல்லோரிடமும் "இந்த வட்டம் இருந்தால் ஹாரன் அடித்துப் பயனில்லை, சுற்றிப் போங்கள்" என்று சொல்லிவையுங்கள்.

செயற்கைக் கால் பொருத்தியவருக்கு எதிரி தூரம் இல்லை, வியர்வை. நம் ஊர் ஈரக் காற்றில் காலை மாட்டும் கிண்ணத்துக்குள் வியர்வை தேங்கி, உறை நழுவ ஆரம்பிக்கும். தோல் உரியும். இரண்டு மூன்று கிலோமீட்டருக்கு ஒருமுறை அவர் உட்கார்ந்து, காலைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்ட வேண்டும். அதற்கு ஒரு நாற்காலி, ஒரு காய்ந்த துண்டு, நாலு பேர் போனை நீட்டாமல் இருக்க ஒரு மறைப்பு. இந்தியாவின் முதல் பிளேடு ஓட்டக்காரர் என்று அறியப்பட்ட மேஜர் டி.பி. சிங் கார்கில் போரில் படுகாயமடைந்து காலை இழந்தவர்; அவருக்குப் பின் பலர் வந்திருக்கிறார்கள். ஆனால் கார்பன் ஃபைபர் பிளேடு எல்லோருக்கும் கட்டுப்படியாகாது. உங்களிடம் வரும் இருவரும் நடப்பதற்கான சாதாரணக் காலோடு வர வாய்ப்பு அதிகம். தண்ணீர் பந்தலில் சிதறிக் கிடக்கும் பேப்பர் கப்பும் வாழைப்பழத் தோலும் அவர்களுக்கு நிஜமான ஆபத்து. அந்தக் கால் எதை மிதிக்கிறது என்று உணராது. பந்தலுக்கு ஒருவர் துடைப்பத்தோடு நிற்கட்டும்.

மருத்துவக் குழுவிடம் முன்கூட்டியே பேசுங்கள். முதுகுத்தண்டில் மேல்பகுதியில் அடிபட்டவர்களுக்குக் காயத்துக்குக் கீழே வியர்வை சரியாகச் சுரக்காது. உடம்பு சூடேறிக்கொண்டே போகும், பார்த்தால் தெரியாது. ஈரத் துண்டும் தண்ணீர் தெளிப்பானும் வேண்டும். அவர்களில் சிலருக்குச் சிறுநீர்ப்பை நிரம்பினாலோ, நாற்காலியில் கட்டிய பட்டை இறுகினாலோ ரத்த அழுத்தம் திடீரென்று ஏறும், தலை வெடிக்கிற மாதிரி வலிக்கும். மயக்கம் என்று நினைத்துப் படுக்க வைத்தால் நிலைமை மோசமாகும். நிமிர்த்தி உட்கார வைத்து, பட்டையைத் தளர்த்தி, சிறுநீர்க் குழாய் மடங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முதலுதவிக் கூடாரத்தில் இருக்கும் டாக்டருக்கு இது தெரியும். சைக்கிளில் சுற்றும் முதலுதவித் தன்னார்வலருக்குச் சொன்னால்தான் தெரியும்.

கட் ஆஃப் நேரத்தை, அதாவது ஓட்டத்தை முடிக்க வேண்டிய கடைசி நேரத்தை, தளர்த்த முடியாது, சாலையைத் திறக்க வேண்டும் என்று போலீஸ் சொல்லும். சரி, முடிவைத் தளர்த்த முடியாவிட்டால் தொடக்கத்தை முன்னால் தள்ளுங்கள். அதுவும் முடியாவிட்டால் கடைசி ஆள் வரும்வரை எல்லைக்கோட்டு அலங்கார வளைவையும் கடிகாரத்தையும் கழற்றாமல் வையுங்கள். பதக்கம் தீர்ந்துவிட்டது என்று சொல்லாதீர்கள்.

பரிசு கொடுத்தால் சமமாகக் கொடுங்கள். லண்டன் மாரத்தான் 2024இல் சக்கர நாற்காலிப் பிரிவுக்கும் மற்றவர்களுக்குத் தருகிற அதே பரிசுத் தொகையை அறிவித்தது, முதலிடத்துக்கு 55,000 டாலர். உங்களுடையது ஐயாயிரம் ரூபாயாக இருக்கலாம், இரண்டு பக்கமும் ஐயாயிரமாக இருக்கட்டும். மேடையை மட்டும் தயவுசெய்து தரையிலேயே போடுங்கள். ஓர் ஊரில் ஐந்து படி மேடை. வென்றவரை நாற்காலியோடு நாலு பேர் தூக்கினார்கள், கேமரா எல்லாம் மின்னியது, தலைவர் கண்கலங்கினார். இறக்கும்போது ஒருவர் கை நழுவி, வென்றவரின் முழங்கை சிராய்த்தது. 10 கிலோமீட்டரில் ஒரு கீறல் இல்லாமல் வந்தவர் அவர்.

பதின்மூன்று பேருக்கும் ஒரு மாணவர் குழுவுக்கும் இவ்வளவா என்று குழுவில் ஒருவர் கேட்பார். அவரை அடுத்த ஞாயிறு காலை நாலு மணிக்கு, சக்கர நாற்காலிக்காரர் ஒருவரோடு பார்க்கிங்கிலிருந்து ஸ்டார்ட் லைன் வரை போய்வரச் சொல்லுங்கள். டேப்பும் டார்ச்சும் அவர் கையில் இருக்கட்டும். வழிகாட்டிப் பயிற்சியை நவம்பர் முதல் வாரத்திலாவது தொடங்க வேண்டும், அப்போதுதான் எட்டுப் பத்து ஞாயிறு கிடைக்கும். முதல் இரண்டு ஞாயிறு நான் வருகிறேன். கயிறு என்னிடமே நிறைய இருக்கிறது, நீங்கள் ஓடத் தெரிந்த பதினாறு பேரை மட்டும் பிடித்து வையுங்கள்.